ஆள் பாதி, ஆடை பாதி... மீதிக் குழப்பம் 'பிசினஸ் கேஷுவல்'!

"ஆள் பாதி, ஆடை பாதி" என்று நம் பெரியவர்கள் சொல்லி வைத்தார்கள். அந்தப் பாதி ஆடை எது என்று அவர்கள் சொல்லவில்லை. வேட்டியும் சேலையுமாக இருந்த காலத்தில் சொல்ல வேண்டிய அவசியமும் இல்லை. இன்றோ நம் பிள்ளைகளுக்கு வரும் வேலை நியமனக் கடிதங்களில் ஒரு வரி இருக்கிறது: "உடை – பிசினஸ் கேஷுவல்". அவ்வளவுதான்! பிசினஸ் என்றால் வேலை. கேஷுவல் என்றால் சாதாரணமாக, இஷ்டப்படி. இரண்டையும் சேர்த்து முடிச்சுப் போட்டால் என்ன பொருள்? இதைப் படித்துவிட்டு விழிக்கும் பிள்ளைகளும் பெற்றோர்களும் நம்மிடையே எத்தனையோ பேர்.

நாற்பது வருடங்கள் கோட்டைப் பகுதியில் ஒரு தனியார் கம்பெனியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். ஆகையால் இப்படிப்பட்ட சந்தேகங்கள் என் வீடு தேடி வருவதுண்டு. தாராவியில் இட்லி வியாபாரம் செய்யும் ஓர் அம்மா தன் மகளை அழைத்துக்கொண்டு வந்திருந்தார். நெல்லைச் சீமைக்காரர்.

"அண்ணாச்சி, இவளுக்கு பி.கே.சி.யில வேல கெடச்சிருக்கு. என்னமோ கேசுவல்னு எழுதியிருக்காவளாம். தீவாளிக்கு எடுத்த ஜிகினா வச்ச சுடிதார் இருக்கு, அது போதுமா?"

மகள் குறுக்கிட்டாள்: "இல்ல மாமா, கேஷுவல்னா ஜீன்ஸும் டி-ஷர்ட்டும்தானே? காலேஜுக்குப் போட்டதே போதும்னு என் ஃப்ரெண்ட் சொல்றா."

இரண்டுமே இல்லை! ஒன்று கல்யாணத்துக்கு, இன்னொன்று கடற்கரைக்கு. ஆனால் அந்தத் தாயையும் மகளையும் குறை சொல்ல முடியுமா? தாராவிக்கும் பாந்த்ரா-குர்லா காம்ப்ளெக்ஸ் கண்ணாடிக் கட்டடங்களுக்கும் நடுவே ஓடுவது மித்தி நதி ஒன்றுதான். அதைத் தாண்டி மேஜை வேலைக்குப் போகும் முதல் ஆள் அந்தக் குடும்பத்தில் அவள்தான். கேட்டுத் தெரிந்துகொள்ள அப்பாவோ, சித்தப்பாவோ, அக்காவோ அலுவலகம் போனவர்கள் இல்லை.

எனக்குத் தெரிந்த இன்னொரு பையனின் கதையைக் கேளுங்கள். சலவைச் சட்டை, இஸ்திரி போட்ட பேன்ட், காலில் செருப்பு. முதல் நாளே வாசலில் நிறுத்தி, "ஷூ போட்டுக்கொண்டு நாளைக்கு வா" என்று அனுப்பிவிட்டார்கள். எந்த அலுவலகம் என்ற பெயர் இங்கே வேண்டாம். கடிதத்தில் ஷூ என்று ஒரு வார்த்தை இல்லை. அவமானத்தில் அந்தப் பிள்ளை மறுநாளும் போகவில்லை. அவன் தாயார் வற்புறுத்தி மூன்றாம் நாள் அனுப்பி வைத்தார். படிப்பில் தேறி, நேர்முகத்தில் தேறி, ஒரு ஜோடி ஷூவில் வேலை தவறிப் போக இருந்தது!

தலைப்பாகை முதல் டை வரை

உடையைப் பற்றிய இந்தக் கவலை நம்மவர்களுக்குப் புதியதல்ல. அந்தக் காலத்தில் தட்டெழுத்தும் சுருக்கெழுத்தும் கற்றுக்கொண்டு பம்பாய் வந்து மாட்டுங்காவில் குடியேறிய தமிழர்கள், பஞ்சகச்சம், மூடிய கோட்டு, தலைப்பாகை என்ற கோலத்தில் ஆபீஸ் போனதைப் பெரியவர்கள் சொல்லக் கேட்டிருக்கிறேன். பிறகு வெள்ளைச் சட்டையும் பேன்ட்டும் வந்தன. நான் இங்கே வந்த எழுபதுகளில் டெரிலின் சட்டை, டெரிகாட்டன் பேன்ட். அதற்குப்பின் சஃபாரி சூட் ஒரு ரவுண்டு வந்தது. விற்பனைப் பிரிவுக்காரர்கள் கழுத்தில் டை ஏறியது.

இடையில் ஒரு கசப்பான காலமும் உண்டு. 1966இல் சிவசேனை தொடங்கிய பிறகு தென்னாட்டவருக்கு எதிராக எழுந்த கோஷம் எது? "பஜாவ் புங்கி, ஹடாவ் லுங்கி!" இதில் வேடிக்கை என்னவென்றால், வேலையைப் பறிக்கிறார்கள் என்று யாரைக் குற்றம் சாட்டினார்களோ அந்த குமாஸ்தாக்களும் ஸ்டெனோக்களும் லுங்கி கட்டிக்கொண்டு ஆபீஸ் போனவர்கள் அல்லர். மடிப்புக் கலையாத பேன்ட்டில் போனவர்கள். வீட்டில் கட்டியதை வைத்து வீதியில் பெயர் வைத்தார்கள். அதனால்தானோ என்னவோ, நம் வீடுகளில் ஒரு தலைமுறையே வெளியே கிளம்பும்போது உடையில் அதிக ஜாக்கிரதையாக இருந்தது.

பெண்கள் கதை தனி. எழுபதுகளில் வேலைக்குப் போன நம் சகோதரிகள் சேலையோடுதான் லோக்கல் ரயிலில் ஏறி இறங்கினார்கள். அந்தக் கூட்டத்தில் ஆறு கஜத்தைக் காப்பாற்றிக்கொண்டு இறங்குவது ஒரு சர்க்கஸ்! பின்னர் 'பஞ்சாபி டிரஸ்' என்று நாம் அழைத்த சல்வார் கமீஸ் வந்தபோது எத்தனை வீடுகளில் வாக்குவாதம்! அன்று எதிர்த்த மாமியார்களில் பலர் இன்று அதையே போட்டுக்கொண்டு காலையில் நடைப்பயிற்சிக்குப் போகிறார்கள்.

எங்கிருந்து வந்தது இது?

1962இல் ஹவாய்த் தீவின் ஆடைத் தயாரிப்பாளர்கள், தங்கள் சட்டமன்ற உறுப்பினர்கள் ஒவ்வொருவருக்கும் இரண்டு பூப்போட்ட சட்டைகளைக் கொடுத்தார்கள். வெயில் காலத்தில் கோட்டும் டையும் எதற்கு என்பது அவர்கள் வாதம். 1966இல் வெள்ளிக்கிழமை தோறும் அந்தச் சட்டையோடு வேலைக்கு வரும் வழக்கம் அங்கே பிறந்தது. அமெரிக்கா முழுவதும் அது பரவியபோது, எது தகும், எது தகாது என்று அங்கேயும் குழப்பம். 1992இல் லீவைஸ் கம்பெனி இதற்கென்று ஒரு சிறு வழிகாட்டிப் புத்தகம் அச்சடித்து, ஏறக்குறைய 25,000 பணியாளர் துறை மேலாளர்களுக்கு அனுப்பி வைத்தது. தன் 'டாக்கர்ஸ்' பருத்திப் பேன்ட்டுகளை விற்கும் வழியும் அதில் இருந்தது என்பது வேறு விஷயம். ஆக, அமெரிக்காக்காரனுக்கே புத்தகம் போட்டு விளக்க வேண்டியிருந்த சமாச்சாரம் இது. நம் பிள்ளை விழிப்பதில் வெட்கம் என்ன?

இன்னொரு சுவையான செய்தி. அந்நாட்டவர் 1950, 60களில் விரும்பி அணிந்த சாதாரண உடைகளில் ஒன்று, கட்டம் போட்ட பருத்திச் சட்டை. அதன் பெயரே 'மெட்ராஸ்'தான்! நம் தறிகளில் பிறந்த துணி அது.

எழுதி வைத்தவர்களும், எழுதாதவர்களும்

அரசாங்கம் உடை விதி போட்டால் பட்டியல் போட்டு எழுதுகிறது. தமிழ்நாடு தலைமைச் செயலக ஊழியர்களுக்கு 2019இல் வந்த உத்தரவில், பெண்களுக்குச் சேலை, சல்வார் கமீஸ், துப்பட்டாவுடன் சுடிதார் என்றும், ஆண்களுக்குச் சட்டை பேன்ட் அல்லது தமிழ்ப் பண்பாட்டைக் காட்டும் வேட்டி என்றும் தெளிவாக இருந்தது. மகாராஷ்டிர அரசு 2020 டிசம்பரில் விட்ட சுற்றறிக்கை ஜீன்ஸ், டி-ஷர்ட், செருப்பு கூடாது என்றது. வாரத்தில் ஒரு நாள், வெள்ளிக்கிழமை, கதர் உடுத்தச் சொன்னது.

தனியார் கம்பெனிகளில் காற்று அடிக்கடி திசை மாறுகிறது. இன்ஃபோசிஸ் 2015இல் தன் கெடுபிடியைத் தளர்த்தியது. நம் மும்பையைத் தலைமையிடமாகக் கொண்ட டி.சி.எஸ்., 2023 அக்டோபரில் ஊழியர்களை அலுவலகத்துக்குத் திரும்ப அழைத்தபோது, திங்கள் முதல் வியாழன் வரை பிசினஸ் கேஷுவல், வெள்ளியன்று அதைவிடச் சற்றுத் தளர்ந்த உடை என்று நினைவூட்டியது.

வேட்டிக்கும் ஒரு சட்டம் உண்டு. 2014 ஜூலையில் சென்னை உயர் நீதிமன்ற நீதிபதி டி. அரிபரந்தாமன், வேட்டி கட்டி வந்ததற்காகச் சேப்பாக்கத்தில் தமிழ்நாடு கிரிக்கெட் சங்க மன்றத்துக்குள் அனுமதிக்கப்படவில்லை. ஒரு நூல் வெளியீட்டு விழாவுக்கு வந்தவர் அவர். பெரும் கொந்தளிப்பு ஏற்பட்டு, அடுத்த மாதமே தமிழ்நாடு சட்டமன்றம் அத்தகைய தடைகளை நீக்கச் சட்டம் இயற்றியது. நெஞ்சு நிமிர்கிறது. ஆனால் அது தமிழ்நாட்டு எல்லைக்குள், பொது இடங்களுக்குள் நுழைவது பற்றிய சட்டம். அதைக் காட்டி மும்பை அலுவலகத்தில் வாதாட முடியாது!

சரி, என்னதான் உடுப்பது?

நான் அந்தத் தாய்க்கும் மகளுக்கும் சொன்னதையே இங்கே விரித்துச் சொல்கிறேன். முதல் வேலை, கேட்பது. நியமனக் கடிதம் அனுப்பியவருக்குப் போன் செய்து மூன்றே கேள்விகள்: ஜீன்ஸ் உண்டா? காலர் இல்லாத டி-ஷர்ட் உண்டா? செருப்பு உண்டா? இந்த மூன்றுக்கும் பதில் கிடைத்தால் முக்கால்வாசிக் குழப்பம் தீர்ந்தது. கேட்பதால் யாரும் குறைவாக நினைப்பதில்லை. இயலுமானால் முன்னதாக ஒரு நாள் காலையில் அந்தக் கட்டட வாசலில் பத்து நிமிடம் நின்று, உள்ளே போகிறவர்களைப் பாருங்கள். காசில்லாத பாடம்!

பதில் கிடைக்காவிட்டால் முதல் நாள் ஒரு படி உயர்வாகவே உடுத்திப் போங்கள். உயரத்திலிருந்து இறங்குவது எளிது.

ஆண்களுக்கு: காலர் வைத்த சட்டை, வெளிர் நிறமோ சின்னக் கட்டமோ, பேன்ட்டுக்குள் விட்டு. தைத்த பேன்ட் அல்லது 'சினோஸ்' எனப்படும் பருத்திப் பேன்ட். விரல் தெரியாத தோல் ஷூ. அதே நிறத்தில் பெல்ட். கறுப்பு ஷூவுக்கு வெள்ளை சாக்ஸ் வேண்டவே வேண்டாம், அது பள்ளிக்கூடத்தோடு போகட்டும். டை தேவையில்லை.

பெண்களுக்கு: நம் நாட்டு உடையே கைகொடுக்கிறது. பருத்திக் குர்த்தாவும் நேர்வெட்டுப் பேன்ட்டும், அல்லது துப்பட்டாவுடன் சல்வார் கமீஸ், அல்லது சேலை. சேலை பழசு என்று எண்ண வேண்டாம். பெரிய கூட்டங்களுக்கு இன்றும் அதற்கு ஈடு எது? ஜிகினா, கண்ணாடி வேலைப்பாடு, சலங்கை வைத்த கொலுசு மூன்றும் தீபாவளிக்கு இருக்கட்டும். பொட்டும் திருநீறும் மாட்டுங்கா கடைத்தெருவில் வாங்கிய ஒரு துண்டு மல்லிகையும் கூடாது என்று சொன்ன உடை விதி எதையும் நான் கண்டதில்லை.

கணக்கைப் பாருங்கள். மூன்று சட்டை, இரண்டு பேன்ட் இருந்தால் ஆறு விதமாக மாற்றிப் போடலாம். ஐந்து நாள் வாரத்துக்கு அது போதும். முதல் சம்பளம் வருமுன் கடன் வாங்கிப் பெரிய கடைக்குப் போக வேண்டாம். கிங்ஸ் சர்க்கிள் பக்கத்துக் காந்தி மார்க்கெட்டிலும் தாதர் ஹிந்த்மாதாவிலும் துணி எடுத்து, நம் தெருத் தையல்காரரிடம் அளவு கொடுத்தால் உடம்புக்குப் பொருந்தும். பெல்ட்டும் ஷூவும் வேண்டுமா? தாராவி மெயின் ரோட்டுத் தோல் கடைகளுக்கு அப்பால் போக வேண்டியதில்லை. ஒரு காலத்தில் அங்கே தோல் பதனிடும் தொழிலில் முன்னின்றவர்களில் நம் தமிழ் முஸ்லிம் சகோதரர்களும் உண்டு.

மும்பைக்கென்று சில யோசனைகளும் உண்டு. முழு பாலியெஸ்டர் வியர்வையை உறிஞ்சாது. முழுப் பருத்தி ரயில் கூட்டத்தில் குர்லா வருவதற்குள் கசங்கிவிடும். இரண்டும் கலந்த துணியே நல்லது. ஜூன் முதல் செப்டம்பர் வரை வெளிர் நிறப் பேன்ட்டைப் பெட்டியில் வையுங்கள். மழையில் ரப்பர் செருப்போடு போய், ஷூவையும் ஒரு ஜோடி சாக்ஸையும் பிளாஸ்டிக் பையில் எடுத்துச் சென்று அலுவலகத்தில் மாற்றிக்கொள்ளலாம். நனைந்த ஷூவுக்குள் பழைய செய்தித்தாளைத் திணித்து வைத்தால் ஈரத்தை இழுத்துக்கொள்ளும்.

"கந்தையானாலும் கசக்கிக் கட்டு" என்றார்களே, அதுதான் எல்லா விதிக்கும் மேலான விதி. சுத்தமாகத் துவைத்து இஸ்திரி போட்ட பழைய சட்டை, கசங்கிய விலையுயர்ந்த சட்டையை என்றும் தோற்கடிக்கும்.

நாம் செய்யக் கூடியது

நான் வருத்தப்படுவது ஒன்றைப் பற்றித்தான். அப்பா வங்கி மேலாளர், அம்மா ஆசிரியை என்ற வீட்டில் இந்த விஷயமெல்லாம் சாப்பாட்டு மேஜையில் தானாகவே காதில் விழுந்துவிடும். முதல் தலைமுறையாகப் படித்து வரும் பிள்ளைக்கு யார் சொல்வார்கள்? விதியை எழுதாமல் விட்டால், தெரிந்த வீட்டுப் பிள்ளை உள்ளே போகிறது. தெரியாத வீட்டுப் பிள்ளை வாசலில் நிற்கிறது. திறமையில் இருவரும் ஒன்றுதான்.

இதற்குப் பெரிய செலவு ஒன்றும் இல்லை. வேலையில் இருக்கும் நம் இளைஞர்கள் மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை சங்கத்தில் ஒரு மணி நேரம் உட்கார்ந்து, புதிதாக வேலைக்குப் போகிறவர்களின் சந்தேகங்களுக்குப் பதில் சொல்லலாம். அளவு மாறிப் போன நல்ல சட்டையையும் ஷூவையும் நேர்முகத்துக்குப் போகும் பிள்ளைக்குத் தந்து உதவலாம். வாங்குகிறவர் மனம் கூசாத வகையில், யாருக்கும் தெரியாமல் தர வேண்டும் என்பது மட்டும் முக்கியம்.

உங்கள் மாடியிலோ சாலிலோ யாராவது ஒரு பிள்ளைக்கு முதல் வேலை கிடைத்திருக்கிறது என்று கேள்விப்பட்டால், வாழ்த்துச் சொல்வதோடு நிற்காதீர்கள். "நாளைக்கு என்னம்மா உடுத்திப் போகப் போகிறாய்?" என்று ஒரு வார்த்தை கேளுங்கள்.