தெல்லிப்பழையில் ஒரு மில்லிமீற்றர் மழை என்றால் எவ்வளவு தண்ணீர், தெரியுமா?

ஒரு பரப்புக் காணியில் ஒரு மில்லிமீற்றர் மழை பெய்தால் எத்தனை லீற்றர் விழும் தெரியுமா? சுமார் 253 லீற்றர்! சதுர மீற்றருக்கு ஒரு மில்லிமீற்றர் என்பது சரியாக ஒரு லீற்றர். பதினாறு பரப்பு ஓர் ஏக்கர். கணக்கு அவ்வளவுதான். இப்போது 2008 நவம்பர் 25-ஐ நினைத்துப் பாருங்கள். நிஷா புயல்! யாழ்ப்பாணத்தில் அந்த ஒரே நாளில் ஏறக்குறைய 390 மில்லிமீற்றர் கொட்டியது. குடாநாட்டுக்கு ஆண்டு முழுவதும் கிடைப்பதே சராசரியாக 1,250 மில்லிமீற்றர் அளவுதான். ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு ஒரே நாளில்! பரப்புக்குப் பரப்பு பத்தாயிரம் லீற்றர் பவுசர் பத்தைக் கொண்டுவந்து கவிழ்த்தது போல!

இந்தக் கணக்கு தெல்லிப்பழைக்காரருக்கு ஏன் இவ்வளவு முக்கியம்? இங்கே மலை இல்லை, வற்றாத ஆறு இல்லை. தெல்லிப்பழைப் பக்கம் தொடங்கி அராலிக் கடல்நீரேரிக்குப் போகும் வழுக்கையாறும் மாரியில் மட்டுமே ஓடும். வெங்காயத்துக்கும் புகையிலைக்கும் குடிப்பதற்கும் கிணறுதான் கதி. ஐப்பசி, கார்த்திகை, மார்கழியில் பெய்வது செம்பாட்டு மண்ணில் இறங்கி, அடியில் உள்ள சுண்ணாம்புக்கல்லின் வெடிப்புகளில் தங்கினால்தான் சித்திரை வெயிலில் துலாவுக்கோ மோட்டருக்கோ வேலை.

அந்த நன்னீர் எதன்மேல் நிற்கிறது தெரியுமா? உப்புநீரின்மேல்! கடல்நீர் கனம், மழைநீர் இலேசு. அதனால் மழைநீர் கடல்நீரின்மேல் மிதக்கிறது. கடல்மட்டத்துக்கு மேலே நன்னீர் ஒரு மீற்றர் நின்றால், கீழே சுமார் நாற்பது மீற்றர் ஆழம்வரை நன்னீர் இருக்கும் என்பது நீரியலாளர் கண்ட விதி. அதைத் திருப்பிப் பாருங்கள்: மேலே பத்துச் சென்ரிமீற்றர் இறங்கினால் அடியிலிருந்து உப்பு நான்கு மீற்றர் ஏறிவர இடம் கிடைக்கிறது! நம்பாதவர்கள் புத்தூர்ப் பக்கம் நிலாவரைக்குப் போகலாம். மேலே நல்ல தண்ணீர், ஆழத்தில் உப்பு. ஒரே கிணறு!

இனிக் கடலின் பக்கம். 1993 முதல் உலகக் கடல்மட்டம் சராசரியாகச் சுமார் 10 சென்ரிமீற்றர் உயர்ந்துவிட்டது. வானத்தின் பக்கமும் மாற்றம்தான்: காற்று ஒரு பாகை செல்சியஸ் சூடானால் சுமார் 7 சதவீதம் கூடுதல் நீராவியைத் தாங்கும். பெய்யும்போது அதையும் சேர்த்தே கொட்டும். ஒரே நாளில் கொட்டுகிற மழையில் நிறைய நிலத்துக்குள் இறங்க நேரமில்லாமல் கடலுக்குப் போய்விடுகிறது. ஆண்டுக் கணக்கில் மழை குறையாமலே கிணறு குறையலாம் என்பது எவ்வளவு பயங்கரமான செய்தி!

ஆகவே ஆண்டுத் தொகை மட்டும் போதாது, நாள் நாளாக அளக்க வேண்டும். காலை 8.30-க்கு என்ன நடக்கிறது தெரியுமா? வளிமண்டலவியல் திணைக்களத்தின் நிலையங்களில் முந்தைய 24 மணி நேர மழையை அளக்கிறார்கள். அதே கணத்தில் கிரீன்விச் நேரப்படி அதிகாலை மூன்று மணி. உலகெங்கும் வானிலை நிலையங்கள் தத்தம் கருவிகளைப் பார்க்கின்றன! நம் நேரப்படி காலையும் மாலையும் ஐந்தரை மணியையொட்டி, நூற்றுக்கணக்கான இடங்களிலிருந்து பலூன்கள் கருவி கட்டிக்கொண்டு முப்பது கிலோமீற்றர் உயரம்வரை போகின்றன. நம் முன்னோரும் வானத்தைச் சும்மா பார்க்கவில்லை. மார்கழியில் பஞ்சாங்கம் சொல்லும் கர்ப்போட்ட நாள்களில் மேகத்தைக் கவனித்துப் பின்வரும் மழையைக் கணித்தார்கள். மேகம் கருக்கொண்டு 195 நாளில் மழை பிறக்கும் என்று ஆறாம் நூற்றாண்டில் வராகமிகிரர் எழுதியிருக்கிறார். பலித்ததோ இல்லையோ, நாள் தவறாமல் பார்த்தார்களே, அதுதான் பெரிது.

ஓர் ஊரின் காலநிலையைச் சொல்ல எத்தனை ஆண்டுப் பதிவு வேண்டும்? முப்பது! உலக வானிலை அமைப்பு இன்று ஒப்பிட எடுத்துக்கொள்ளும் காலம் 1991 முதல் 2020 வரை. தெல்லிப்பழை அடங்கிய வலிகாமம் வடக்கின் மக்கள் போரால் இடம்பெயர்ந்தது எப்போது? 1990 ஜூனில்! பலர் 2010-க்குப் பிறகுதான் கட்டம் கட்டமாகத் திரும்பினார்கள். போர்க்காலத்தில் வடக்கின் வானிலைப் பதிவுகளில் பல இடைவெளிகள் விழுந்தன. எந்த ஆண்டுகளை வைத்து உலகம் தன்னை அளக்கிறதோ, அவற்றில் பெரும்பாலான ஆண்டுகளில் இங்கே பல கிணற்றடிகளில் நின்று தண்ணீர் மட்டம் பார்க்கவும் ஆளில்லை. எனக்கு இதை நினைத்தால் நெஞ்சு பதறுகிறது.

இனி நாமே மழையை அளக்க விலையுயர்ந்த கருவி வேண்டுமா? வேண்டாம்! வாயும் அடியும் ஒரே அகலமான, பக்கம் நேரான எந்தத் தகர டின்னும் போதும். சின்ன டின்னானாலும் பெரிய டின்னானாலும் உள்ளே நிற்கும் தண்ணீரின் உயரம் ஒன்றுதான்! மரமும் கூரையும் மறைக்காத முற்றத்தில், சாயாமல் வையுங்கள். காலை 8.30-க்கு அடிமட்டத்தை நேராக இறக்கி, நனைந்த கோட்டைப் படித்து, திகதியோடு கொப்பியில் எழுதி, தண்ணீரைக் கொட்டிவிடுங்கள். மழை இல்லாத நாளில் 0 என்று கட்டாயம் எழுதுங்கள். வெறுமையாக விட்டால், அன்று மழை பெய்யவில்லையா, யாரும் பார்க்கவில்லையா என்று முப்பது ஆண்டு கழித்துக் கொப்பியைப் புரட்டுபவருக்குத் தெரியாது.