ஆங்கில உச்சத்தரமும் தமிழாக்கமும்

ஆங்கிலப் பெயரடைகள் இயல்புத்தரம், ஒப்புத்தரம், உச்சத்தரம் என மூன்று தரங்களை உடையன. 'லோ' என்பது 'லோயர்', 'லோயஸ்ட்' என விகுதி ஏற்கும். அசை மிகுந்த சொற்கள் பெரும்பாலும் 'மோர்', 'மோஸ்ட்' என்பவற்றை முன்னே பெறும்.

தமிழ்ப் பெயரடைகள் தரம் காட்டி இவ்வாறு திரிவதில்லை. ஒப்பீட்டின் சுமையை ஒப்பிடப்படும் பெயரே ஏற்கிறது. தொல்காப்பியம் ஒப்பீட்டை ஐந்தாம் வேற்றுமைப் பொருளுள் அடக்குகிறது. 'அதனின் பெரிது' போன்ற தொடர்களை உரையாசிரியர்கள் உறழ்பொரு என்பர். இன்றைய வழக்கில் இரண்டாம் வேற்றுமை உருபையடுத்து 'விட', 'காட்டிலும்' ஆகியன வருகின்றன.

உச்சத்தரத்தைப் பெயர்க்கும்போதுதான் சிக்கல் எழுகிறது. அதற்கு ஈடாகப் பெரும்பாலும் 'மிக' என்னும் அடை ஆளப்படுகிறது. இது உச்சத்தையும் குறிக்கும். வெறும் மிகுதியையும் குறிக்கும். 'லோயஸ்ட் டெண்டர்' என்பதை 'மிகக் குறைந்த ஒப்பந்தப்புள்ளி' எனப் பெயர்ப்பதாகக் கொள்வோம். 'வெரி லோ' என்பதற்கும் அதுவே நிகராகிவிடும். வந்த புள்ளிகள் யாவும் உயர்ந்த தொகையினவாயினும் அவற்றுள் கடைநிலையது ஒன்று உண்டு. அதனை மிகக் குறைந்தது என்றல் பொருந்தாது. 'வந்தவற்றுள் எல்லாவற்றினும் குறைந்தது' எனின் ஐயம் நீங்கும். ஆதலின், உரிமையும் பொறுப்பும் சொல்லைச் சார்ந்து நிற்கும் சட்ட, ஆட்சித்துறைப் பெயர்ப்புகளில் ஒப்பீட்டின் எல்லையை வெளிப்படக் கூறுதல் இன்றியமையாதது.