தலைகள் குறைந்த தெருவில் தொப்பிக் கடை

மட்டாஞ்சேரியில் யூதப் பாட்டியின் தையல் வேலை ஒரு முஸ்லிமின் கைக்கு வந்த கதை

மிளகு, சுக்கு வாசனையையும் காஷ்மீர் சால்வை வியாபாரிகளின் அழைப்பையும் தாண்டி நடந்தால், மட்டாஞ்சேரி யூதர் தெருவின் கோடியில் 1568இல் கட்டப்பட்ட பரதேசி யூத ஆலயம். போகும் வழியில் ஒரு சிறிய எம்பிராய்டரி கடை. அதன் முக்கிய சரக்கு கிப்பா. யூத ஆண்கள் தொழுகையின்போது உச்சந்தலையில் அணியும் சின்னத் தொப்பி.

செய்முறை எளிது. துணியைத் துண்டுகளாக வெட்டி, இணைத்துத் தைத்து, உள்ளே லைனிங் கொடுத்து, ஓரத்தில் பூவேலை. தையல் தெரிந்தவருக்கு இது பெரிய வித்தையல்ல. சிக்கல் வேறு: யாருக்கு விற்பது?

1948இல் இஸ்ரேல் பிறந்தது. 1950களில் கேரள யூதர்களில் பெரும்பாலோர் அங்கே குடியேறினார்கள். யூதர்களின் கூட்டுத் தொழுகைக்குப் பத்து ஆண்கள் வேண்டும். அந்தப் பத்துப் பேருக்கே வெளியூர்க்காரர்களை எதிர்பார்க்கும் நிலை மட்டாஞ்சேரிக்கு வந்தது.

போகாமல் இருந்தவர்களில் சாரா கோஹனும் அவர் கணவர் ஜேக்கப் கோஹனும் உண்டு. பாக்தாதிலிருந்து வந்த குடும்பத்தில் 1922இல் பிறந்தவர் சாரா. குழந்தைகள் இல்லை. கிப்பாக்களையும், வெள்ளிக்கிழமை இரவு விருந்தில் ரொட்டியை மூடும் துணிகளையும் தைத்து விற்றார்.

தாஹா இப்ராஹிம் அதே தெருவில் சுற்றுலாப் பயணிகளிடம் பட அஞ்சலட்டைகள் விற்றுத் திரிந்த சிறுவன். சரக்கை வைத்துக்கொள்ள கோஹன் வீட்டில் இடம் கிடைத்தது. பிறகு அந்த வீட்டிலேயே ஒருவரானார். சாராவிடம் ஊசி வேலை கற்றார். ஜேக்கப் மறைந்த பிறகு, முதுமையில் சாராவைக் கவனித்துக்கொண்டவரும் அவரே. 2019 ஆகஸ்ட் 30 அன்று தம் 96ஆம் வயதில் சாரா காலமானார். கடையைத் தாஹா தொடர்ந்து நடத்தினார்.

தொழுகைக்குத் தலையை மூடும் வழக்கம் தாஹாவின் சமூகத்திலும் உண்டு. எனவே இந்தத் தொப்பியின் மரியாதை அவருக்குப் புதிதல்ல. ஆனால் கவுன்ட்டரில் நிற்பவருக்கு மரியாதை மட்டும் போதாது. வெளிநாட்டு யூதர் வந்தால் தலைக்கு அளவு பார்த்து வாங்குவார். மற்றவருக்கு இது என்ன, ஏன் அணிகிறார்கள் என்று முதலில் சொல்ல வேண்டும். விளக்கம் முடிந்தபின் வாங்காமல் போகிறவர்களும் உண்டு.

இப்போது கிப்பாவின் விற்பனை முழுக்க முழுக்கப் பயணிகளின் கையில். 2020இல் கொரோனா ஊரடங்கு வந்ததும் அந்த வருகை நின்றது, தெருவும் வெறிச்சோடியது. உள்ளூரில் அணிய ஆள் இல்லாத பொருளை விற்பதன் ஆபத்து அப்போது புரிந்தது.

ரத்த உறவு இல்லாமலே தொழில் கைமாறிவிட்டது. ஊசி பிடிக்க ஆள் கிடைத்தாயிற்று. தெருவுக்கு வேண்டியது, தொப்பி அணிய வரும் தலைகள்.