கதை கூறும் உரிமை: அறிவுத்திறன் குறைபாடுடையோரும் அவர்க்குத் துணை நிற்போரும்

பேச்சின் பயன் யாதென வினவின், தன் தேவையைப் பிறர்க்கு உணர்த்துதலே என்று விடை கூறுவார் பலர். பசித்தவன் உணவு கேட்கின்றான். நோயுற்றவன் நோவெடுக்கும் இடத்தைக் காட்டுகின்றான். இவ்விடை பிழையானதன்று, எனினும் நிறைவானதுமன்று. மாலையில் வீடு திரும்பும் ஒருவன் படலையைத் திறந்து உள்ளே வந்ததும் கூறத் தொடங்குவது பெரும்பாலும் தன் தேவையையன்று. அன்றைய பொழுதில் தனக்கு நேர்ந்ததையே. பேருந்து நடுவழியில் நின்றுவிட்டமை, சந்தையிற் பழைய நண்பனொருவனைக் கண்டமை, மேலதிகாரி காரணமின்றிச் சினந்தமை என இவற்றாற் கேட்போர்க்கு ஆவது ஒன்றுமில்லை. ஆயினும் ஒருவன் இன்னான் என்று அவன் சுற்றத்தார் அறிந்துகொள்வது இத்தகைய சிறு கதைகளினாலேயே ஆகும்.

அறிவுத்திறன் குறைபாட்டோடு வாழ்வோர்க்குப் பேச்சுப் பயிற்சி அளிக்க முற்பட்டோர் நெடுங்காலம் தேவையை உணர்த்துதலிலேயே கருத்தூன்றினர். நீர், உணவு, மலசலகூடம், வேண்டும், வேண்டாம் என்னுஞ் சொற்களே முதலிற் கற்பிக்கப்பட்டன. இதற்கு நல்ல நியாயம் உண்டு. ஆனால் அவ்வளவோடு நின்றுவிடின், அவர்கள் என்றும் கேட்டுப் பெறுவோராகவே இருப்பர். தம் வாழ்வைத் தாமே எடுத்துரைப்போராக ஒருபோதும் ஆகார். அவர்களைப் பற்றிய கதைகளை வைத்தியர் தம் குறிப்பேட்டிலும் பெற்றோர் தம் நினைவிலும் வைத்திருப்பர். இந்நிலை மாறியமைக்குச் சிறந்ததொரு சான்று இங்கிலாந்திலே கிடைக்கின்றது.

ஜோயி டீக்கன் என்பவர் 1920ஆம் ஆண்டு இலண்டனிற் பிறந்தவர். பெருமூளை வாதம் அவருடைய கைகால்களை மட்டுமன்றி நாவையும் கட்டிப்போட்டிருந்தது. 1928இல், எட்டு வயதுச் சிறுவனாய் இருந்தபோது, சரே மாகாணத்துக் கேற்றறம் என்னும் ஊரிலிருந்த பெரியதொரு நிலையத்தில் அவர் சேர்க்கப்பட்டார். இலண்டன் நகரத்து வறியோருள் அறிவு வளர்ச்சி குன்றியோரெனக் கருதப்பட்டோரை அடைத்துவைப்பதற்காக 1870இல் திறக்கப்பட்ட அந்நிலையம், பிற்காலத்திற் புனித லோறன்ஸ் வைத்தியசாலை எனப் பெயர் பெற்றது, 1994இல் மூடப்பட்டது. ஜோயியின் வாழ்நாளிற் பெரும்பகுதி அதன் மதில்களுக்குள்ளேயே கழிந்தது. அவர் செவி நன்கு கேட்டது. பிறர் கூறுவனவெல்லாம் அவருக்கு விளங்கின. ஆனால் அவர் வாயினின்று பிறந்தது மருத்துவர்க்கும் தாதியர்க்கும் வெற்றொலியாகவே பட்டது. பேச்சு விளங்காத இடத்தில் அறிவும் இல்லையெனத் துணிதல் அக்காலத்து வழக்கம். அவ்வழக்கம் இக்காலத்தும் முற்றாய் ஒழிந்துவிட்டதென்று கூறுதற்கில்லை.

அவ்வொலியைச் சொல்லாக அறிந்துகொண்டவர் ஒருவரே. அவர் வைத்தியருமல்லர், ஆசிரியருமல்லர். அதே நிலையத்தில் வாழ்ந்தவரும், தாமும் பெருமூளை வாதத்தால் தாக்குண்டவருமான ஏர்ணி றொபேட்ஸ் என்பவரே அவர். ஆண்டுக்கணக்காக உடனிருந்து பழகியமையால், ஜோயியின் ஒலிகளுள் எது எச்சொல் என்று அவர் தெரிந்துகொண்டார். இதற்கென எந்தப் பயிற்சிக் கல்லூரியிலும் அவர் கற்றதில்லை. பொறுமையும் உடன் வாழ்தலுமே அவருக்குக் கிடைத்த பயிற்சி.

1970இல் ஜோயி தம் வாழ்க்கை வரலாற்றை எழுதத் துணிந்தார். அது நடைபெற்ற முறை மிக நுணுக்கமானது. ஜோயி ஒரு வாக்கியத்தைக் கூறுவார். ஏர்ணி அதனைக் கேட்டு, யாவர்க்கும் விளங்குமாறு திருப்பிக் கூறுவார். அங்கு வாழ்ந்த மூன்றாமவர் மைக்கேல் சாங்ஸ்ரர் அதனைக் கையால் எழுதுவார். நான்காமவர் ரொம் பிளாக்பேண், இவ்வேலைக்கென்றே தட்டச்சுப் பழகிக்கொண்டு, அதனைத் தட்டச்சிற் பொறிப்பார். இவ்வாறு நால்வரும் உழைத்து நாற்பத்து நான்கு பக்கங்களை முடிப்பதற்குப் பதினான்கு மாதங்கள் சென்றன. ஒரு பக்கத்திற்கு ஏறக்குறையப் பத்து நாள்! நாக் கட்டுண்டது எனப் பொருள்படும் ஆங்கிலத் தலைப்போடு அந்நூல் 1974இல் வெளிவந்தது. அவ்வாண்டிலேயே பீ.பீ.சி. நிறுவனம் அவருடைய வாழ்க்கையைத் தொலைக்காட்சிப் படமாகவும் காட்டியது. நால்வருள் எவரும் தனித்து நின்று இந்நூலை ஆக்கியிருத்தல் இயலாது. நூலாசிரியர் ஒருவர் என்று கொள்வதா, நால்வர் என்று கொள்வதா என ஐயுறுவார்க்கு ஒன்று கூறலாம்: வாழ்வு ஜோயியுடையது, சொல்லும் அவருடையது, அச்சொல் நடந்து வந்த பாதையே ஏனை மூவரும்.

இவ்விடத்தில் ஒரு தடை எழும். இடையில் நிற்பவர் தம் கருத்தையே பிறன் கருத்தாக உரைக்கமாட்டார் என்பதற்கு உறுதி யாது? இத்தடை எளிதில் ஒதுக்கத்தக்கதன்று. அவுஸ்திரேலியாவின் மெல்பேண் நகரில் 1970களில் ஒரு முறை தோன்றியது. பேச இயலாதவரின் கையையோ தோளையோ உதவியாளர் பிடித்துக்கொள்ள, அவர் எழுத்துப் பலகையில் எழுத்தெழுத்தாகச் சுட்டிச் சொற்களை ஆக்குவார் என்பது அம்முறை. 1990களின் தொடக்கத்தில் அமெரிக்காவிலும் அது விரைந்து பரவியது. ஒரு சொல்லும் பேசாதிருந்த பிள்ளைகள் கவிதை எழுதினரெனக் கண்டு பெற்றோர் கண்ணீர் மல்கினர். பின்னர் ஆய்வாளர் ஓர் எளிய சோதனையை நடத்தினர். பிள்ளைக்கு ஒரு படமும் உதவியாளருக்கு வேறொரு படமும், ஒருவர் கண்டதை மற்றவர் அறியாவண்ணம், காட்டப்பட்டன. பலகையிற் சுட்டப்பட்டதோ உதவியாளர் கண்ட படத்தின் பெயரே! அவர்கள் வேண்டுமென்றே ஏமாற்றினரல்லர். தம் கை பிள்ளையின் கையைச் செலுத்தியதைத் தாமே உணராதிருந்தனர். அதற்குள் இம்முறையால் எழுதப்பட்ட குற்றச்சாட்டுகளை நம்பிக் குடும்பங்கள் சில பிரிக்கப்பட்டுவிட்டன. 1994இல் அமெரிக்க உளவியற் சங்கம் இம்முறைக்கு அறிவியல் ஆதாரமில்லையெனத் தீர்மானம் நிறைவேற்றியது.

ஏர்ணி செய்ததற்கும் இதற்கும் உள்ள வேற்றுமை பெரிது. ஏர்ணி ஜோயியின் உடலைத் தொட்டு இயக்கவில்லை. அவர் எழுப்பிய ஒலியைக் கேட்டே பேசினார். அவர் பிழைபடக் கூறின் ஜோயி தம் செவியாற் கேட்டு மறுத்துவிடுதல் கூடும். மறுப்பதற்கு இடமுள்ள உதவியே உதவியெனத் தக்கது. மறுக்க வழியில்லாதது, எத்துணை அன்போடு செய்யப்படினும், பிறன் வாயில் தன் சொல்லை இடுதலாகும்.

சொல்லுக்குத் துணையாகும் முறைகள் இதே காலப்பகுதியில் வேறு சிலவும் எழுந்தன. மக்கற்றன் என்பது அவற்றுள் ஒன்று. சரே மாகாணத்தைச் சேர்ந்த பொற்லீஸ் பாக் வைத்தியசாலையில், செவிப்புலன் குன்றியவரும் அறிவுத்திறன் குறைபாடுடையவருமான வளர்ந்தோர்க்காக, மாகிறற் வோக்கர் என்னும் பேச்சுச் சிகிச்சையாளர் 1970களின் தொடக்கத்தில் இதனை அமைத்தார். அவர் பெயரின் முதலெழுத்துகளோடு உடனுழைத்த கதி, ரொனி என்னும் இருவர் பெயரின் முதலெழுத்துகளையுஞ் சேர்த்து இதற்குப் பெயரிடப்பட்டது. செவிப்புலனற்றோரின் சைகை மொழியிலிருந்து சைகைகள் எடுக்கப்பட்டன. வாக்கியத்திலுள்ள எல்லாச் சொற்களுக்கும் சைகை இடுவதில்லை. பேசிக்கொண்டே முதன்மையான சொற்களுக்கு மாத்திரம் இடுவர். பின்னர்ப் படக்குறியீடுகளும் சேர்க்கப்பட்டன. 1985இல் அமெரிக்காவின் டெலவெயர் மாநிலத்தில் தோன்றிய பட அட்டை மாற்றும் முறையும் பரவலாக வழங்குகின்றது. இதில் ஆறு படிகள் உண்டு. முதற்படியிற் பிள்ளை தான் விரும்பும் பொருளின் படத்தைக் கொடுத்து அப்பொருளைப் பெறுகின்றது; தான் கண்டதைப் பற்றிக் கூறுதல் ஆறாம் படியிலேதான் வருகின்றது. கேட்டுப் பெறுதல் முதலிலும் எடுத்துரைத்தல் ஈற்றிலும் நிற்கும் இவ்வரிசை பயிற்றுதற்கு எளிதாயிருக்கலாம். ஆனால் அவ்வீற்றுப்படியை எட்டாது நின்றுவிடுவோர்க்குக் கதை என்பது எக்காலத்தும் கிட்டாது.

இக்குறையை எடுத்துக்காட்டியவருள் முதன்மையானவர் ஆங்கிலப் பேச்சுச் சிகிச்சையாளரான நிக்கலா குறோவ். சொமசெற் மாகாணத்தில், அறிவுத்திறன் குறைபாடுடையோர் தாமே கதைஞராய் அவையில் நின்று கதை கூறும் குழுவொன்றை இந்நூற்றாண்டின் முதற் பத்தாண்டில் அவர் தொடக்கி வைத்தார். பழங்கதைகளை மட்டுமன்றி, அன்றாட நிகழ்ச்சிகளையும் கதையாகப் பகிர்ந்துகொள்ளும் முறையொன்றையும் பிறரோடு சேர்ந்து வகுத்தார்.

அதன் நுட்பத்தை ஓர் எடுத்துக்காட்டினால் விளக்கலாம். பேச்சற்ற ஓர் இளைஞனைக் கடற்கரைக்கு அழைத்துச் சென்றபோது, கடற்புள் ஒன்று அவன் கையிலிருந்த உருளைக்கிழங்குப் பொரியலைப் பறித்துக்கொண்டு பறந்தது என வைத்துக்கொள்வோம். வீடு திரும்பியதும் உதவியாளர் வழக்கமாகச் செய்வது யாது? “எங்கே போனோம்? என்ன சாப்பிட்டோம்? யார் வந்தார்கள்?” என வினாக்களை அடுக்குவார். விடைகள் அனைத்தும் அவருக்குத் தெரியும், தெரிந்தவற்றையே கேட்கின்றார். இது கதையன்று, பரீட்சை. குறோவ் காட்டும் வழி வேறு. உதவியாளர் அவ்விளைஞனோடு அருகமர்ந்து, உடன் செல்லாத மூன்றாமவர் ஒருவரை நோக்கி, “இன்று எங்களுக்கு நேர்ந்ததைக் கேளுங்கள்” என்று தொடங்குவார். புள் இறங்கி வரும் இடம் வந்ததும் நிறுத்துவார். அவ்விடம் இளைஞனுடையது. அவன் கைகளைச் சிறகென விரிக்கலாம். ஓர் ஓசை எழுப்பலாம். பறவையின் குரல் பதியப்பெற்ற பொறியொன்றின் விசையை அழுத்தலாம். கேட்போர் சிரிப்பர். அடுத்த நாள் இன்னொருவருக்கு அதே கதை கூறப்படும். பலமுறை கூறக் கூற அவன் பங்கு வளரும். உதவியாளர் பங்கு சுருங்கும்.

தமிழிலே ‘கேள்வி’ என்னுஞ் சொல் இரு பொருள் தருவது ஈண்டு நினைக்கத்தக்கது. வள்ளுவர் அப்பெயரால் ஓர் அதிகாரம் வகுத்தபோது கருதியது செவிகொடுத்துக் கேட்டலை. இன்றைய வழக்கில் அது வினாவையே பெரிதும் குறிக்கின்றது. உதவியாளர் பலரிடம் இரண்டாவது கேள்வி மிகுதியாகவும் முதலாவது அரிதாகவும் காணப்படுகின்றது.

நிகழ்ச்சிகளை முறைப்படி கோத்துரைக்க இயலாதவர் எவ்வாறு கதை கூறுவார் என ஐயுறலாம். அமெரிக்க மொழியியலாளரான லபோவ், வலெற்ஸ்கி என்பார் 1967இல் மக்களின் வாய்மொழிக் கதைகளை ஆராய்ந்து, கதைக்கு நிகழ்ச்சி வரிசை மட்டும் போதாது, அந்நிகழ்ச்சி கூறுவோனுக்கு எத்தகையது என்னும் மதிப்பீடும் வேண்டும் என்று காட்டினர். வியப்பு, அச்சம், மகிழ்ச்சி என்பன இம்மதிப்பீட்டின் கூறுகள். இவற்றைக் காட்டுதற்கு இலக்கணமறிந்த நா வேண்டியதில்லை, முகம் போதும். கதையின் எலும்பை உதவியாளர் தாங்க, உயிரை உரியவரே தருதல் இயலும்.

இன்பக் கதைகளினும் துன்பக் கதைகளுக்கே துணை மிக வேண்டும். தந்தை இறந்த செய்தியை அறிவுத்திறன் குறைபாடுடைய மகனுக்குக் கூறாது மறைத்தல் மேனாட்டிலும் உண்டு. கூறினும் அவனுக்கு விளங்காதென்பர். விளங்கினாலோ தாங்கமாட்டான் என்பர். உளமருத்துவரான ஷீலா ஹொலின்ஸ் 1989இல் தந்தையின் மறைவு, தாயின் மறைவு என்பன பற்றி இரு நூல்களை வெளியிட்டார். அவற்றிற் கதையை நடத்துவன படங்களே. வாசிப்போர்க்குச் சொற்கள் இல்லை. அவர் மகனும் அறிவுத்திறன் குறைபாடுடையவர். எழுத்தினும் படத்தினை எளிதில் உணர்பவர். சொற்களில்லாமையால், பார்ப்பவர் தமக்குத் தோன்றியதையே கூறுகின்றார். நோயாளியின் படத்தைக் கண்டு ஒருவர் தம் தந்தையை நினைக்கலாம். மற்றொருவர் தாம் வைத்தியசாலையில் அஞ்சியிருந்த நாளைச் சுட்டலாம். இவ்வரிசையிற் பின்னர் வைத்தியரிடம் செல்லுதல், நீதிமன்றம் செல்லுதல், துன்புறுத்தப்படுதல் முதலிய பொருள்கள் பற்றியும் நூல்கள் வந்தன.

துன்புறுத்தப்படுதல் என்பது வெறும் தலைப்பன்று. நடந்ததைக் கூற மாட்டாதவரைத் தீயோர் தேடிப் பிடிக்கின்றனர். அவர்தம் மௌனமே குற்றவாளியின் அரணாகின்றது. பழைய நீதிமன்ற முறையில் இவர்கள் சாட்சி ஏறுதலே அரிதாயிருந்தது. ஏறினும் குறுக்கு விசாரணையில் நிலைகுலைந்தனர். இங்கிலாந்தில் 1999இல் இயற்றப்பட்ட சட்டமொன்று இத்தகைய சாட்சிகளுக்கு இடையீட்டாளர் ஒருவரை அனுமதித்தது. 2004 முதல் அது சிலவிடங்களிற் சோதனையாக நடைமுறைக்கு வந்தது. பேச்சுச் சிகிச்சையாளர் பலர் இப்பணியில் உள்ளனர். ஐக்கிய நாடுகள் சபை 2006இல் ஏற்றுக்கொண்ட வலுவிழந்தோர் உரிமைச் சமவாயம் நீதியை அணுகுதலையும், தாம் தெரிந்த தொடர்பு முறையாற் கருத்தைத் தெரிவித்தலையும் உரிமையெனக் கூறுகின்றது. இலங்கை அதனை 2016இல் ஏற்புறுதி செய்தது.

இடையீட்டாளர் சாட்சியின் சார்பில் வாதாடுபவரல்லர். விசாரணைக்கு முன்னரே சாட்சியைச் சந்தித்து, அவருக்கு எவ்வகை வினா விளங்கும், எது விளங்காது என ஆராய்ந்து, நீதிபதிக்கு அறிக்கை தருவார். “நீ அங்கே போகவில்லை, அப்படித்தானே?” என எதிர்மறையும் வற்புறுத்தலும் கலந்த வினாக்கள் அறிவுத்திறன் குறைபாடுடையோரை எளிதில் இசையவைத்துவிடும் ஆதலின், அவற்றைத் தவிர்க்குமாறு கூறுவார். வினா ஒவ்வொன்றிலும் ஒரு செய்தி மட்டுமே இருத்தல் வேண்டும் என்பார். படமோ சிறு பாவையோ வேண்டுமாயின் அதற்கும் அனுமதி பெறுவார். வழக்கு நடக்கும்போது சாட்சியின் அருகிலிருந்து, வினா விளங்கவில்லையெனக் கண்டால் எழுந்து தெரிவிப்பதும், சாட்சி களைப்புற்றால் இடைவேளை வேண்டுவதும் அவர் கடமைகளாகும்.