எண்ணிய காலமும் எடுத்துரைக்கும் காலமும்

கல்முனைக்கும் காரைதீவுக்கும் இடையே அமைந்த சாய்ந்தமருதிலே கரைவலை இழுக்கும் ஒருவர், நேற்றுத் தம் மனத்தில் எழுந்த எண்ணத்தை இன்று கூறுமிடத்து, ‘நல்ல மீன் படும் என்று நினைத்தேன்’ என்பார். நினைத்தது நேற்று, ‘படும்’ என்பதோ எதிர்காலம். தமிழ்க் காதுக்கு இதில் இடர்ப்பாடு யாதுமில்லை. இதனையே அவ்வூர் மாணவன் ஆங்கிலத்தில் எழுதப் புகுந்தால் ‘வில்’ என்று எழுதுகிறான். ஆசிரியர் அதனை வெட்டி ‘வுட்’ என்று திருத்துகிறார். திருத்தம் சரியே. அதன் காரணந்தான் வகுப்பறையிற் பெரும்பாலும் கூறப்படுவதில்லை.

காரணம் ‘என்று’ என்னும் சிறு சொல்லிலே தங்கியிருக்கிறது. ‘என’, ‘என்று’ என்பவற்றைத் தொல்காப்பியர் இடையியலில் வைத்து ஆராய்ந்தார். அச்சொல்லுக்கு முன் நிற்பது முழுவதும் எண்ணியவனுடைய சொத்து; அங்கு வரும் வினையின் காலம் எண்ணிய கணத்திலிருந்து அளக்கப்படுகிறது. ‘என்று’ நீங்கி, ‘அவன் வருவதாக எண்ணினாள்’ எனப் பிறர்கூற்றாக மாறியவிடத்தும் ‘வருவதாக’ என்பது ‘வந்ததாக’ என்று திரிவதில்லை; திரிந்தால் பொருளே வேறாகிவிடும். உருசிய மொழியும் இவ்வகையில் தமிழுக்கு உறவே.

ஆங்கிலத்தின் போக்கு வேறு. அங்கே எடுத்துரைப்பவன் தான் நிற்கும் இடத்திலிருந்தே காலத்தை அளக்கிறான். எண்ணம் இறந்தகாலத்தில் விழுந்ததும் அதனுள் அடங்கிய வினையும் ஒருபடி பின்னே செல்கிறது. டென்மார்க்கு அறிஞர் ஓட்டோ யெஸ்பர்சன் இதனைப் பின்தள்ளல் என்னும் பொருளுடைய சொல்லாற் குறித்தார். எண்ணிய வேளையிலேயே நிகழ்ந்தது எளிய இறந்தகாலமாகும். அதற்கு முன்னரே முடிந்தது ‘ஹாட்’ பெறும். பின்னர் நிகழவிருந்தது ‘வுட்’ பெறும். இம்மூன்றையும் அறிந்தவன் பெரும்பாலான வாக்கியங்களிற் பிழைபடான். ஆயின், விதி கற்ற ஊக்கத்தில் எல்லா வினைக்கும் ‘ஹாட்’ சூட்டும் மாணவரும் உளர். அது முந்திய பிழையினும் கொடிது.

‘என்றும் உள்ள உண்மையாயின் நிகழ்காலம் மாறாது’ என்று பள்ளி இலக்கணங்கள் ஒரு விலக்குக் கூறும். இது அரைகுறை விளக்கம். பூமி சூரியனைச் சுற்றுகிறது என்று கொப்பர்நிக்கசு கருதினார் என எழுதும்போது ஆங்கிலத்தில் நிகழ்காலமும் வரலாம், இறந்தகாலமும் வரலாம். சூரியன் பூமியைச் சுற்றுகிறது என்று தொலமி கருதினார் எனும்போதோ இறந்தகாலமே தகும். கருத்துக்கு எழுதுபவனும் பொறுப்பேற்கிறானா என்பதே கேள்வி. நிகழ்காலம் வைத்தவன் அக்கருத்துக்குத் தானும் கையொப்பமிடுகிறான். வரலாற்றுக் கட்டுரை வரைவோர் இதனைக் கருத்திற் கொள்வாராக.

ஆங்கில முறையால் இழப்பும் உண்டு. ‘போனான்’, ‘போயிருக்கிறான்’, ‘போயிருந்தான்’ ஆகிய மூன்றும் பின்தள்ளப்படும்போது ‘ஹாட் கான்’ என்ற ஒரே வடிவில் ஒடுங்கலாம். 2004 திசம்பர் 26ஆந் திகதி ஆழிப்பேரலை இலங்கையின் கரைகளைத் தாக்கியபோது, நாட்டிலே மிகுந்த உயிர்ச்சேதம் அம்பாறை மாவட்டத்திலேயே நேர்ந்தது, சாய்ந்தமருதும் அவ்வழிவுக்குள்ளாயிற்று. அத்தகைய நாளைப் பற்றி ஒரு தாய், ‘மகன் சந்தைக்குப் போயிருக்கிறான் என்று நினைத்தேன்’ என்று கூறுவதாகக் கொள்க. அவ்வேளை அவன் கரையில் இல்லை, சந்தையிலேயே நிற்கிறான் என்பது அவள் நம்பிக்கை. ‘போயிருந்தான் என்று நினைத்தேன்’ என்பாளாயின், போனவன் திரும்பியும் இருக்கலாம். ஏன் தேடவில்லை என்ற வினாவுக்கு முன்னையது விடையாகும், பின்னையது ஆகாது. ஆங்கிலத்தில் இரண்டும் ஒன்றாய்ப் பதிவாகிவிட்டால், அவள்மீது இல்லாத பழி வந்து சேரும்.

ஆதலின் மொழிபெயர்ப்பவர் வினைவடிவத்தை மட்டும் நம்பியிருத்தல் ஆகாது. ‘சந்தைக்குப் போனவன் அப்போதும் அங்கேயே இருந்தான்’ என்று பொருள்படும் வகையில் இரண்டொரு சொற்களைக் கூட்டி எழுதல் வேண்டும். ஆங்கில வாக்கியம் சற்று நீளும். தாயின் கூற்று மாறாது நிற்கும்.