ஒருநாள் எழும்பும், ஒருநாள் எழும்பாது: லப்டொப்புக்கு என்ன வருத்தம்?

அடியோடு செத்துப்போன லப்டொப்பில் பழுதைக் கண்டுபிடிப்பது ஒப்பீட்டளவில் சுலபம். காலையில் அழுத்தினால் அசையாமல் கிடந்து, மத்தியானம் தானாக எழும்பி வேலை செய்யும் லப்டொப்தான் ஆளைப் படுத்தி எடுக்கும். கடைக்குக் கொண்டுபோனால் அங்கே நல்ல பிள்ளையாக ஓடிக் காட்டி, நம்மைப் பொய்யராக்கிவிடும். சுவிஸில் திருத்துகிற கூலியும் குறைவில்லை. அதனாலேயே பலர் இரண்டு தரம் அழுத்திப் பார்த்துவிட்டுப் புதிதாக வாங்கப் போய்விடுகிறார்கள். அவசரப்பட வேண்டாம். இந்தப் பழுதுகளில் கணிசமானவற்றை வீட்டு மேசையிலேயே பிடித்துவிடலாம்.

ஆனால் இன்றைக்கு அது எழும்பியிருந்தால், வேறெதையும் தொடமுதல் படங்களையும் பத்திரங்களையும் இன்னொரு டிஸ்க்கில் பிரதி எடுத்துவிடுங்கள். நாளைக்கு எழும்பும் என்பதற்கு உத்தரவாதம் கிடையாது.

பவர் பட்டன் சுவரில் இருக்கிற லைற் சுவிட்சைப்போல மின்சாரத்தை நேரே திறந்துவிடுவதில்லை. உள்ளே எப்போதும் விழித்திருக்கும் ஒரு சிறு சில்லுக்கு "எழும்பு" என்று சொல்வது மட்டுமே அதன் வேலை. பற்றரியில் போதிய மின் இருக்கிறதா, சார்ஜர் சரியானதா, சூடு அளவோடு இருக்கிறதா என்று பார்த்து, அந்தச் சில்லு சம்மதித்தால்தான் மற்றதெல்லாம் நடக்கும். அதற்குக் கிடைக்கும் தகவல் ஒருநாள் சரியாகவும் ஒருநாள் பிழையாகவும் இருந்தால், லப்டொப்பும் அப்படியே நடந்துகொள்ளும். சில வேளை அந்தச் சில்லே குழம்பி நின்றுவிடும். சார்ஜரைக் கழற்றி, கழற்றக்கூடிய பற்றரியானால் அதையும் எடுத்துவிட்டு, பட்டனை முப்பது செக்கன் அழுத்திப் பிடியுங்கள். மிச்ச மின்சாரம் வடிந்து, சில்லு புதிதாகத் தொடங்கும். பிறகு பற்றரி இல்லாமல் சார்ஜரில் மட்டும் போட்டுப் பாருங்கள். அப்போது ஒழுங்காக எழும்பினால் பற்றரியில்தான் சந்தேகம்.

யாழ்ப்பாணத்திலிருந்தோ சென்னையிலிருந்தோ கொண்டுவந்த லப்டொப் என்றால் சுவரிலிருந்தே தொடங்க வேண்டும். இங்கும் 230 வோல்ட்தான். சார்ஜரின் அடியில் 100–240 வோல்ட் என்று அச்சிட்டிருந்தால் மின்மாற்றி எதுவும் தேவையில்லை. சிக்கல் பிளக்கில் இருக்கிறது. சுவிஸ் பிளக்கின் மூன்று உருண்டைக் கம்பிகளில் நடுக்கம்பி சற்று விலகி நிற்கும். பக்கத்து நாடான யேர்மனியின் மூன்றாம் தொடுப்புள்ள பெரிய பிளக்கும்கூட சுவிஸ் செருகுவாய்க்குள் போகாது. ஊர்ப் பிளக்கை மலிவான அடப்டரில் கொழுவினால் அது தொங்கி ஆடும், தொடுப்பு விட்டுவிட்டு வரும். சுவரிலிருந்து சார்ஜர் பெட்டி வரை போகும் வயர் பெரும்பாலும் தனியாகக் கழன்று வரும். சுவிஸ் பிளக் உள்ள வயர் ஒன்றை வாங்கிக் கொழுவினால் அடப்டருக்கே வேலை இல்லை.

யூஎஸ்பி-சி வழியாகச் சார்ஜ் ஆகும் லப்டொப்பில் வேறொரு குழப்பம். போன் சார்ஜரும் அதற்குள் போகும். ஆனால் 20 வாட் சார்ஜர், 65 வாட் கேட்கும் லப்டொப்பைக் காலியான பற்றரியோடு எழுப்பாது. கேபிளையும் பார்க்க வேண்டும். சாதாரண யூஎஸ்பி-சி கேபிள் 60 வாட் வரைதான் தாங்கும். அதற்கு மேலே போக, உள்ளே அடையாளச் சில்லு பதித்த கேபிள் வேண்டும்.

வட்ட முனைச் சார்ஜரானால், அதைச் செருகிவிட்டு லப்டொப்பின் ஓரத்தில் எரியும் சிறு விளக்கைப் பார்த்தபடி வயரை மெல்ல மேலும் கீழும் அசையுங்கள். விளக்கு அணைந்து அணைந்து எரிந்தால் வயர் உள்ளே முறிந்திருக்கும், அல்லது செருகுவாயில் ஈயப்பற்று விட்டிருக்கும். வேறொருவரின் அதே வகைச் சார்ஜரைப் போட்டுப் பார்த்தால் எதுவென்று தெரிந்துவிடும்.

எழும்பாத நேரத்தைக் குறித்து வையுங்கள். குளிர்ந்து கிடக்கும்போது மறுத்து, சூடேறினால் எழும்புகிறதா? போர்டில் மின்தேக்கி கிழடாகியிருக்கலாம், ஈயப்பற்றில் வெடிப்பு இருக்கலாம். சூடானபின் நின்றுவிடுகிறதா? விசிறியில் தூசி. மூடியைக் குறிப்பிட்ட கோணத்தில் வைத்தால்தான் திரை வருகிறதென்றால், கீலுக்குள் போகும் கேபிள். விசிறி சுற்றியும் திரை இருட்டாக இருந்தால் ரோர்ச் அடித்துச் சாய்வாகப் பாருங்கள். எழுத்துகள் மங்கலாகத் தெரிந்தால் லப்டொப் எழும்பியிருக்கிறது, திரையின் பின்விளக்குத்தான் போயிருக்கிறது. திகதியும் நேரமும் ஒவ்வொரு தடவையும் பின்னால் போய் நின்றால் போர்டிலுள்ள நாணயப் பற்றரி முடிந்துவிட்டது. சில லப்டொப்புகள் அது போனால் எழும்பவே அடம்பிடிக்கும். பேசல் பக்கத்து இற்றிங்கனைத் தளமாகக் கொண்ட ரெனாற்றா நிறுவனத்தின் பெயரோடும் இந்த 3 வோல்ட் பற்றரி சில பிராங்குக்குக் கிடைக்கிறது.

இந்த நாட்டுப் பனியையும் கணக்கில் எடுக்க வேண்டும். லா பிரெவீன் கிராமத்தில் 1987 ஜனவரி 12 அன்று மைனஸ் 41.8 பாகை பதிவானது. அவ்வளவு வேண்டாம், பூச்சியத்துக்குக் கீழே போனாலே லித்தியம் பற்றரி சார்ஜ் ஏற்கக் கூடாது. பாதுகாப்புச் சுற்றே தடுத்துவிடும். இரவு முழுக்கக் காரில் கிடந்த லப்டொப்பைச் சூடான அறைக்குக் கொண்டுவந்து உடனே போட்டால் உள்ளே ஈரம் படியும். பையைத் திறக்காமல் இரண்டு மூன்று மணித்தியாலம் விடுங்கள். பற்றரி ஊதி அடிப்பலகை மேலெழுந்திருந்தால் சோதனை எதுவும் வேண்டாம்: சார்ஜ் போடாதீர்கள், குத்தாதீர்கள், திருத்துகிறவரிடம் கொடுங்கள்.

புது லப்டொப்பானால் திருகாணியைத் தொடாதீர்கள். 2013 முதல் சுவிஸ் சட்டத்தில் விற்பவரின் பொறுப்புக் காலம் இரண்டு ஆண்டுகள். பழுதைக் கண்டவுடன் அறிவிக்க வேண்டும், எழுத்தில் என்றால் நல்லது. எழும்பாத நேரத்தைக் கைபேசியில் வீடியோ எடுத்து வைத்தால் வாதாட வேண்டியிராது. காலம் கடந்ததென்றால் ரிப்பேர் கஃபே இருக்கிறது. 2009இல் அம்ஸ்ரடாமில் தொடங்கிய இந்த வழக்கம் சுவிஸின் பல ஊர்களுக்கும் வந்துவிட்டது. தொண்டர்கள் பக்கத்தில் இருந்து திருத்தித் தருவார்கள். உதிரிப்பாகத்துக்கு மட்டும் காசு.

ஒன்றுக்கும் சரிவராவிட்டால் குப்பைப் பையில் போடாதீர்கள். சுவிஸ் ஒழுங்குவிதிப்படி லப்டொப் விற்கும் எந்தக் கடையும் பழையதை இலவசமாகத் திருப்பி எடுக்க வேண்டும், நீங்கள் அங்கே எதுவும் வாங்காவிட்டாலும். அதற்கான மறுசுழற்சிக் கட்டணம் இங்கே வாங்கும் புது லப்டொப்பின் விலையிலேயே சேர்ந்திருக்கிறது. கொடுக்கமுன் டிஸ்க்கை மட்டும் கழற்றி எடுத்துக்கொள்ளுங்கள்.