சாயும் சுவரும் சாமான் றாக்கையும்



வீட்டின் முன்னறையில் ஒரு சிறு கடை. அரிசி, சீனி, பருப்பு, பால்மா, சவர்க்காரம், பிள்ளைகளுக்கு டொபி. 2022ஆம் ஆண்டு எமது நாட்டைப் பொருளாதார நெருக்கடி வாட்டிய பின்னர் எங்கள் தெருவில் மாத்திரம் இப்படி மூன்று கடைகள் திறக்கப்பட்டன. மூன்றையும் நடத்துபவர்கள் பெண்கள். இதில் வெட்கப்பட எதுவுமில்லை. அன்னை கதீஜா (ரழி) அவர்களும் வணிகம் செய்த ஒரு சீமாட்டியே என்பதை நாம் அறிவோம்.

இத்தகைய கடைக்கு முதலில் வாங்கப்படும் பொருள் றாக்கை. அதன் விலையைக் கேட்கிறோம். எத்தனை தட்டு என்று பார்க்கிறோம். எந்தச் சுவரோரம் வைத்தால் வாசலில் நிற்பவருக்குச் சாமான் தெரியும் என்று யோசிக்கிறோம். ஆனால் அது ஒழுங்காகப் பூட்டப்பட்டதா, சுவரோடு இறுக்கப்பட்டதா என்று கேட்பவர் மிகக் குறைவு. நானும் கேட்காதவர்களில் ஒருவனாகவே இருந்தேன். அதற்கான விலையைக் கொடுத்தவள் என் தங்கை.

அஸருக்கும் மஃரிபுக்கும் இடையில்

அவளது கணவர் கட்டாரில் வேலை செய்கிறார். அவர் அனுப்பிய பணத்தில் கடைக்கென்று ஓர் இரும்பு றாக்கை வாங்கினோம். வரிசையாகத் துளையிட்ட இரும்பு ஆங்கிள்களில் தகரத் தட்டுகளை நட்டும் போல்ட்டும் கொண்டு பூட்டும் வகை அது. உயரம் ஆறரை அடி, நீளம் மூன்றடி, அகலம் பதினைந்து அங்குலம். ஐந்து தட்டுகள்.

கூலி கொடுத்து ஆள் பிடிப்பானேன் என்று நானே பூட்டினேன். அஸர் தொழுதுவிட்டு ஆரம்பித்தேன். மஃரிபுக்கு முன்னர் முடித்துவிட வேண்டும் என்ற அவசரம். ஒரு மூலைக்கு இரண்டு போல்ட் போட வேண்டிய இடத்தில் ஒன்றைப் போட்டேன். மூலைகளுக்கென்று தந்திருந்த முக்கோணத் தகடுகளை, “இவை அழகுக்காக இருக்கும்” என்று ஒரு பையில் போட்டு ஓரமாக வைத்தேன். பாங்கு சொன்னது. றாக்கையும் நின்றது.

இரண்டு கிழமை கழித்துத் தங்கை தொலைபேசியில், “நானா, அந்த றாக்க கொஞ்சம் ஆடுது” என்றாள். “காலுக்குக் கீழ ஒரு காட்போட் துண்டு மடிச்சி வை” என்றேன். அத்தோடு அதை மறந்தும் விட்டேன்.

றமழானுக்கு ஒரு கிழமை இருக்கையில் அவள் பேரீத்தம்பழப் பெட்டிகளை இறக்கினாள். ஐந்து கிலோப் பெட்டிகள் எட்டு. மற்றத் தட்டுகளில் இடமில்லாததால் எல்லாவற்றையும் மேல்தட்டில் அடுக்கினாள். கீழ்த்தட்டில் இருந்தவை பிஸ்கட் பக்கெட்டுகள். அன்று ளுஹருக்குப் பின்னர் அவளது நான்கு வயது மகன் டொபிப் போத்தலை எட்டுவதற்காகக் கீழ்த்தட்டில் கால் வைத்து ஏறினான். றாக்கை முன்பக்கமாக வந்தது. அவள் ஓடிப்போய் ஒரு கையால் பிள்ளையை இழுத்து, மறு கையால் றாக்கையைத் தாங்கினாள். பிள்ளைக்கு ஒரு கீறலும் இல்லை, அல்ஹம்துலில்லாஹ். அவளுடைய மணிக்கட்டு முறிந்தது. அந்த றமழான் முழுவதும் மாவுக்கட்டுப் போட்ட கையுடன்தான் அவள் கஞ்சி காய்ச்சினாள்.

அன்று மாலை உடைந்த போத்தல்களைக் கூட்டி அள்ளுகையில் அந்தப் பையும் அகப்பட்டது. முக்கோணத் தகடுகளோடு மிஞ்சிய போல்ட்டுகளை எண்ணிப் பார்த்தேன். சரியாக இருபது.

மின்ஹாஜில் ஒரு சுவர்

“அது அல்லாஹ்ட கத்ர் நானா, நீங்க மனச நோவடிச்சிக்காதீங்க” என்றாள் தங்கை. அவள் அப்படிச் சொன்னது அவளுடைய பொறுமை. நான் அப்படிச் சொல்லியிருந்தால் அது என் சாட்டு.

ஏனெனில் இமாம் நவவி (ரஹ்) அவர்களின் மின்ஹாஜை நான் மாணவர்களுக்கு ஓதிக் கொடுப்பவன். அதிலே சாய்ந்த சுவரைப் பற்றிய ஒரு சட்டம் வருகிறது. ஒருவர் தமது சுவரைத் தெருப்பக்கம் சாய்வாகவே கட்டி, அது விழுந்து சேதம் விளைந்தால் அவரே பொறுப்பு. நேராகக் கட்டிய சுவர் பின்னர் தானாகச் சாய்ந்து விழுந்தால் அவர் மீது பொறுப்பில்லை என்பதே ஷாபிஈ மத்ஹபின் வலுவான கருத்து. ஹனபி மத்ஹபிலோ, சுவர் சாய்கிறது என்று எச்சரிக்கப்பட்ட பின்னரும் அவகாசம் இருந்தும் சொந்தக்காரர் கவனிக்காது விட்டால் அவர் பொறுப்பாவார்.

இந்தப் பாடத்தை எத்தனையோ முறை நடத்தியிருக்கிறேன். மண் சுவரையும் பழைய தெருவையும் மனதில் வைத்தே நடத்தினேன். நட்டும் போல்ட்டும் மனதில் வந்ததே இல்லை. இப்போது பார்த்தால், றாக்கையைச் சாய்வாகவே கட்டியவனும் நானே, எச்சரிக்கப்பட்டவனும் நானே. எந்தப் பக்கத்தாலும் எனக்குத் தப்ப வழியில்லை. உடைந்த சாமான்களின் பெறுமதியைக் கணக்கிட்டுக் கொடுத்தேன். தங்கை வாங்க மறுத்தாள். உம்மா இடையில் புகுந்து, “அவன்ட கடன் இறங்கட்டும், நீ எடு” என்ற பிறகே வாங்கினாள்.

பின்னர் தச்சுவேலையும் இரும்புவேலையும் தெரிந்த ஒரு சகோதரரை அழைத்து வந்தேன். அந்த றாக்கையை அவர் முறையாகப் பூட்டுகையில் பக்கத்தில் நின்று கற்றுக்கொண்டேன். அதையே இங்கு தருகிறேன்.

ஏன் ஆடுகிறது?

விளக்குமாற்றில் நான்கு ஈர்க்குகளை உருவி, ஒரே அளவாக முறித்துச் சதுரமாக வைத்து மூலைகளை நூலால் கட்டுங்கள். ஒரு பக்கத்தை விரலால் தள்ளினால் சதுரம் சரிந்துவிடும். இனி மூலைக்கு மூலை குறுக்காக ஐந்தாவது ஈர்க்கு ஒன்றைக் கட்டுங்கள். இப்போது தள்ளினாலும் சரியாது. சதுரம் சரியும், முக்கோணம் சரியாது. நான் பையில் போட்டு வைத்த முக்கோணத் தகடுகளின் வேலை இதுதான். மூலைக்கு இரண்டு போல்ட் போடுவதும் இதற்காகவே. ஒரு போல்ட் மட்டும் இருந்தால் இரும்பு அதைச் சுற்றித் திரும்பும். இரண்டு இருந்தால் திரும்பாது.

பூட்டும் முறை

முதலில் பிள்ளைகளை வேறு அறைக்கு அனுப்புங்கள். தகரத்தின் ஓரம் கத்தியைப் போன்றது. தடித்த கையுறையும் மூடிய சப்பாத்தும் அணியுங்கள். தொங்கும் ஷோலை ஒதுக்கிக் கட்டிக்கொள்ளுங்கள். இது ஒருவர் செய்யும் வேலையல்ல, இரண்டு பேர் வேண்டும்.

பெட்டியில் வந்த தகடுகளையும் போல்ட்டுகளையும் நிலத்தில் பரப்பி எண்ணுங்கள். ஐந்து தட்டு, தட்டுக்கு நான்கு மூலை, மூலைக்கு இரண்டு போல்ட் என்றால் நாற்பது வேண்டும். முக்கோணத் தகடுகளுக்கான போல்ட்டுகள் இதற்குப் புறம்பானவை. குறைந்தால் ஹாட்வெயார் கடையில் வாங்கிய பிறகே ஆரம்பியுங்கள்.

தட்டின் இரு பக்கமும் சமமாக அமைவதற்குக் கண்ணால் மட்டிடாமல், கம்பத்தின் அடியிலிருந்து துளைகளை எண்ணுங்கள். நான்கு கம்பத்திலும் ஒரே எண் வரவேண்டும். முதலில் எல்லா நட்டுகளையும் விரலால் மட்டும் திருகுங்கள். முக்கோணத் தகடுகளைக் குறைந்தது மேல்தட்டிலும் கீழ்த்தட்டிலும் போடுங்கள்.

பின்னர் றாக்கையின் முதுகுப் பக்கம் ஒரு நூலை மேல் இடது மூலையிலிருந்து கீழ் வலது மூலைக்கு இழுத்து அளவெடுங்கள். அதே நூலை மற்ற இரு மூலைகளுக்கும் பிடியுங்கள். இரண்டு அளவும் ஒன்றாக வந்தால் றாக்கை நேராக இருக்கிறது. அதன் பிறகே ஸ்பனரால் இறுக்க வேண்டும். முதலே இறுக்கினால் கோணலும் சேர்ந்து இறுகிவிடும்.

எமது வீடுகளின் சீமெந்துத் தரை, கழுவும் தண்ணீர் ஓடுவதற்காக வாசல் பக்கம் சற்றே சரிந்திருப்பதுண்டு. அப்படியானால் கால்களுக்குக் கீழ் தட்டையான இரும்புத் தகடு வைத்து மட்டம் பாருங்கள். நான் சொன்னது போல் காட்போட் வைக்காதீர்கள். ஒருமுறை தரை கழுவினால் அது கூழாகிவிடும்.

போல்ட் இல்லாமல், கம்பத்தின் துளையில் கொளுக்கி மாட்டி நிற்கும் தட்டுகளும் உண்டு. அவற்றில் கொளுக்கிகள் அனைத்தும் முழுமையாக உள்ளே இறங்க வேண்டும். இறப்பர்ச் சுத்தியலால் மெதுவாகத் தட்டி இறக்குங்கள். தட்டைக் கீழிருந்து மேலே தள்ளிப் பாருங்கள். கழன்று வந்தால் அது இன்னும் பூட்டப்படவில்லை.

ஒட்டகத்தைக் கட்டுங்கள்

ஒட்டகத்தைக் கட்டிவிட்டு அல்லாஹ்வின் மீது பொறுப்புச் சாட்டுவதா, அவிழ்த்துவிட்டுச் சாட்டுவதா என்று ஒருவர் கேட்டபோது, கட்டிவிட்டுப் பொறுப்புச் சாட்டும்படி நபி (ஸல்) அவர்கள் கூறினார்கள் என்ற கருத்தில் திர்மிதியில் ஒரு ஹதீஸ் பதிவாகியுள்ளது. றாக்கைக்கும் இதுதான் சட்டம்.

நேராகப் பூட்டிய றாக்கையும் முன்பக்கம் இழுத்தால் விழும். அதன் உயரம் அகலத்தைப் போல் நான்கு மடங்கைத் தாண்டினால் கட்டாயம் சுவரோடு இறுக்க வேண்டும். எங்கள் றாக்கை ஐந்து மடங்குக்கும் அதிகம். சின்னப் பிள்ளைகள் உள்ள வீடென்றால் மடங்குக் கணக்கே வேண்டாம், எதுவாயினும் இறுக்குங்கள்.

மேல்தட்டுக்கு அருகில் இரு பக்கமும் எல் வடிவத் தகடு வைத்து, சுவரில் துளையிட்டு, றோல்பிளக் செருகி ஸ்குறூ ஆணி அடிக்க வேண்டும். துளை மேற்பூச்சைத் தாண்டிக் கல்லுக்குள் போகவேண்டும். பூச்சு மாத்திரம் பாரம் தாங்காது. பலகைச் சுவராயின் பலகையில் அல்ல, அதன் பின்னாலுள்ள மரக்காலில் இறுக்குங்கள். சுவிட்சுக்கு நேர் மேலும் கீழும் மின்கம்பி ஓடும். அந்தக் கோட்டில் துளையிடாதீர்கள். துளையிடுபவர் கண்ணுக்குக் கண்ணாடி அணியட்டும்.

அடுக்கும் ஒழுங்கு

ஒரு லீற்றர் தண்ணீர் ஒரு கிலோ. ஒன்றரை லீற்றர்ப் போத்தல் பன்னிரண்டு கொண்ட கட்டு பதினெட்டுக் கிலோ. அப்படி நான்கு கட்டை ஒரு தட்டில் வைத்தால் எழுபத்திரண்டு கிலோ, ஒரு பெரிய மனிதரின் எடை! வாங்கும்போதே ஒரு தட்டு எவ்வளவு தாங்கும் என்று கேளுங்கள். தட்டு நடுவில் தொய்ந்தால் அது தாங்கவில்லை என்று பொருள்.

அரிசி, சீனி, தண்ணீர், எண்ணெய் ஆகிய பாரங்கள் கீழ்த்தட்டில். அடிக்கடி எடுப்பவை இடுப்புக்கும் தோளுக்கும் இடையில். பிஸ்கட், கடதாசி, பஞ்சு போன்றவை மேலே. அடுக்கும்போது கீழிருந்து மேலே. இறக்கும்போது மேலிருந்து கீழே. மேல்தட்டை எட்டப் பிளாஸ்டிக் கதிரையில் ஏறாதீர்கள், ஆடாத ஏணிப்படி ஒன்று வையுங்கள். மண்ணெண்ணெயும் பூச்சி மருந்தும் உணவுப் பொருளோடு ஒரே றாக்கையில் வேண்டாம். டொபிப் போத்தலை மேலே வைத்தால் பிள்ளைகள் ஏறும். அதை மேசையில் உங்கள் கையருகே வையுங்கள்.

கடையில்லாத வீடுகளுக்கும்

“எங்களிடம் கடையில்லையே” என்று இப்பக்கத்தைப் புரட்டிவிடாதீர்கள். உடுப்பு அலுமாரியும் புத்தக றாக்கையும் இவ்வாறே விழும். இழுப்பறை அலுமாரிகள் சாய்ந்து சிறு குழந்தைகள் இறந்ததால், 2016ஆம் ஆண்டு ஐக்கியா நிறுவனம் அமெரிக்காவில் ஏறத்தாழ இரண்டு கோடி தொண்ணூறு இலட்சம் அலுமாரிகளை மீளப்பெறுவதாக அறிவித்தது. உடுப்பு அலுமாரிகள் எளிதில் சாயாதவாறு செய்யப்பட வேண்டும் என்று 2022 டிசம்பரில் அங்கு சட்டமும் வந்தது. பிள்ளை இழுப்பறைகளை ஒவ்வொன்றாக இழுத்துப் படிபோல் ஏறும். எனவே அலுமாரியையும் சுவரோடு இறுக்குங்கள். அதன் உச்சியில் தொலைக்காட்சிப் பெட்டி வைக்காதீர்கள்.

தலைப்பிறைக்கு ஒரு ஸ்பனர்

நட்டுகள் நாளடைவில் தளரும். கடலோர ஊர்களில் இரும்பு துருப்பிடிக்கும். பலகையைக் கறையான் அரிக்கும். ஆகவே என் தங்கை ஒரு வழக்கம் வைத்திருக்கிறாள். ஒவ்வொரு தலைப்பிறைக்கும் மறுநாள், கடை திறக்க முன்னர், எல்லா நட்டையும் ஒருமுறை இறுக்கிப் பார்ப்பாள். பத்து நிமிட வேலை. இப்போதெல்லாம் அவள் என்னைத் தொலைபேசியில் அழைப்பதில்லை. ஸ்பனர் கல்லாப்பெட்டிக்குப் பக்கத்திலேயே இருக்கிறது.

பாதையில் கிடக்கும் தொல்லை தரும் பொருளை அகற்றுவது ஈமானின் கிளைகளில் ஒன்று என்று எமக்குக் கற்பிக்கப்பட்டுள்ளது. எங்கள் கடைக்கு வரும் பிள்ளை நிற்கும் இடமும் ஒரு பாதைதான். இன்றே உங்கள் றாக்கையின் உச்சியைப் பிடித்து மெதுவாக ஆட்டிப் பாருங்கள். ஆடினால் நாளைக்கென்று விடாதீர்கள். ஆடுகிறது என்று வீட்டில் ஒருவர் சொன்னால், ஆண்களே, காட்போட்டை மடிக்கச் சொல்லாமல் எழுந்து போய்ப் பாருங்கள்.

எமது முயற்சிகளில் பரக்கத் செய்து, எமது கைகளால் பிறருக்குத் தீங்கு நேராமல் அல்லாஹ் பாதுகாப்பானாக. ஆமீன்.